கழுத்தில் விழுந்த கத்தி: சந்திரமதியும் மூன்று ஆங்கில நாடகங்களும்

ஆங்கில மேடையில் 1608-க்கும் 1611-க்கும் நடுவில் ஒரு தினுசு நாடகம் சூடுபிடித்தது. காதல், திடீரென்று பெண்மேல் ஒரு பழி, அவள் சாவின் வாசல்வரை போவது, கடைசியில் எல்லாரும் ஒன்றுசேர்வது. இதற்கு டிராஜிகாமெடி என்று பெயர். சிரிப்பும் கொலையும் கலந்திருப்பதால் வந்த பெயர் இல்லை இது என்கிறார் ஜான் ஃப்ளெட்சர். யாரும் சாகவில்லை, அதனால் துன்பியல் இல்லை. ஆனால் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது, அதனால் இன்பியலும் இல்லை. மேடையில் தோற்றுப்போன தன் நாடகம் ஒன்றை அச்சில் கொண்டுவந்தபோது அவர் கொடுத்த விளக்கம் இது.

இவற்றை எந்த அலமாரியில் வைப்பது என்று அந்தக் காலத்து ஆட்களுக்கே குழப்பம்தான். 1623-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்தவர்கள் 'சிம்பலீனை'த் துன்பியலில் சேர்த்தார்கள், 'குளிர்காலக் கதை'யை இன்பியலில்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு மேலட்டூர்தான் ஞாபகம் வருகிறது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கிற பாகவத மேளாவில், 18-ஆம் நூற்றாண்டுக்காரரான வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்களைப் போடுகிறார்கள். அதில் 'ஹரிச்சந்திரா'வும் ஒன்று. பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். ஷேக்ஸ்பியரின் மேடையிலும் பையன்கள்தானே பெண் வேடம் கட்டினார்கள்! ஆனால் நான் சொல்ல வந்தது வேஷப் பொருத்தம் இல்லை, கதைப் பொருத்தம்.

தமிழில் நாம் கேட்டு வளர்ந்த அரிச்சந்திரன் கதையையே எடுத்துக்கொள்வோம். சந்திரமதி பிறக்கும்போதே கழுத்தில் தாலி. அது அவளுக்குக் கணவனாக வரப்போகிறவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பின்னால், பாம்பு கடித்துச் செத்த மகனைச் சுடுகாட்டுக்குத் தூக்கி வருகிறாள். கட்டணம் கேட்கிற காவலாளி, 'கழுத்தில் தாலி இருக்கிறதே, விற்றுக் கொடு' என்கிறான். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, எதிரே நிற்பவன் யாரென்று.

பிரிந்தவர்களை அடையாளப் பொருள் சேர்த்துவைப்பது இந்த வகை நாடகங்களின் பழைய உத்தி. 'சிம்பலீன்' அதைத் தலைகீழாக்குகிறது. தூங்குகிற இமோஜனின் கையிலிருந்து ஒருவன் காப்பைத் திருடுகிறான், மார்பில் உள்ள மச்சத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறான். இரண்டையும் சாட்சியாகக் காட்டி, அவள் கெட்டுப்போனவள் என்று அவள் கணவன் போஸ்துமஸை நம்பவைக்கிறான். அங்கே அடையாளம் பொய் சொல்கிறது. சந்திரமதியின் தாலி பொய் சொல்லாது, ஏன்னா வேறு யாராலும் அதைப் பார்க்கவே முடியாது. நம்ம கதைக்காரர் சந்தேகம் நுழையும் கதவை முதலிலேயே சாத்திவிட்டார்.

அதனால் கத்தி வேறு வழியில் வருகிறது. போஸ்துமஸ் சந்தேகத்தில் மனைவியைக் கொல்லச் சொல்லி வேலைக்காரனுக்குக் கடிதம் அனுப்புகிறான். போமான்ட்டும் ஃப்ளெட்சரும் எழுதிய நாடகத்தில் ஃபிலாஸ்டர் சந்தேகத்தில் காதலியை வாளால் குத்துகிறான். 'குளிர்காலக் கதை'யின் லியோன்டிஸ் சந்தேகத்தில் மனைவியைக் கூண்டில் ஏற்றுகிறான். காசி ராஜா மகனைக் கொன்றதாகப் பழி சுமந்து வருகிற சந்திரமதியை வெட்ட வேண்டியவன் அரிச்சந்திரன். அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவள் செய்யவில்லை என்று தெரிந்தே கத்தியை ஓங்குகிறான். அது கழுத்தில் மாலையாக விழுகிறது.

எது அதிகப் பயங்கரம்? எனக்கு இரண்டாவதுதான். முட்டாள்தனத்துக்கு மருந்து உண்டு, உண்மை தெரிந்தால் கண் திறக்கும். கொள்கைக்கு அந்த மருந்து வேலை செய்யாது.

இங்கேதான் முடிவைப் பற்றிய என் புகாரும். போஸ்துமஸ், மனைவி குற்றமற்றவள் என்று தெரிவதற்கு முன்பே அழுது திருந்துகிறான். லியோன்டிஸ் 16 வருஷம் தவம் கிடக்கிறான். அப்படியும் ஹெர்மியோனி கடைசிக் காட்சியில் அவனைத் தழுவுகிறாளே தவிர, பேசுவது மகளிடம் மட்டும். செத்துப்போன சின்னப் பையன் மமில்லியஸ் திரும்பி வருவதே இல்லை. ஃப்ளெட்சரின் இலக்கணத்தை மீறிய அந்தச் சாவு, நாடகத்தின் சந்தோஷத்தில் முள்ளாகத் தங்கிவிடுகிறது. அரிச்சந்திரன் கதையிலோ மகன் எழுந்து வருகிறான், நாடு வருகிறது, தெய்வங்கள் வந்து வாழ்த்துகின்றன. வாழ்த்து எல்லாம் அவனுடைய சத்தியத்துக்கு. ஏலம் போனவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், தலையை நீட்டியவள் அவள். அவளிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

'புராணத்தில் போய் மனோதத்துவம் தேடுறியா, அது தெய்வம் வைத்த பரீட்சை' என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் பரீட்சை எழுதியது இரண்டு பேர், மதிப்பெண் ஒருத்தருக்கு என்பதும் உண்மைதானே?

ஆச்சரியம் என்னவென்றால், நம் ஜனங்கள் இதை எப்போதோ உணர்ந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தமிழ் 'அரிச்சந்திர புராண'த்தில் மயான காண்டமும் மீட்சிக் காண்டமும் தனித்தனி. சாவு வீட்டில் பாடுவதற்கு என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டது மயான காண்டத்தை. டெல்டா கிராமங்களில் பாடையை இறக்கிவைக்கிற இடத்துக்கு அரிச்சந்திரன் கோயில் என்றுதான் பெயர். வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு ஆற்றுக்கே அரிச்சந்திரா நதி என்று பேர். முழுக் கதையைக் கோயில் வாசலுக்கு விட்டுவிட்டு, தாய் அழுகிற பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய், 'கடைசியில் எழுந்து வந்துட்டான்' என்று பாட முடியுமா?

பம்மல் சம்பந்த முதலியார் 'சிம்பலீனை' 'சிம்ஹளநாதன்' ஆக்கினார். அவரே பொய்யைத் தவிர வேறு பேசாத ஒருவனை வைத்து 'சந்திரஹரி' என்று அரிச்சந்திரனைக் கிண்டலும் செய்தார். இரண்டு பக்கமும் தெரிந்த மனுஷர். ஆனால் அரிச்சந்திரனைப் புரட்டிப் போடுவதானால், பொய் பேசும் ராஜாவைவிட எனக்கு வேண்டியது வேறு ஒரு கடைசிக் காட்சி: மாலை விழுந்த கழுத்தோடு எழுந்து நிற்கிற சந்திரமதி, தேவர்களையும் கணவனையும் தாண்டி, ஹெர்மியோனி மாதிரி, பிள்ளையிடம் மட்டும் பேசுவது.