எட்டப்பன் மட்டும் இல்லாதிருந்தால்

மல்லாங்கிணறு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு விதமான 'இருந்தா' காதில் விழும். ஒன்று வெள்ளாமைக்காரருடையது: "ஐப்பசியில இன்னும் ஒரு மழை விழுந்திருந்தா மக்காச்சோளம் தப்பிச்சிருக்கும்." இன்னொன்று சரித்திரம் பேசுகிறவருடையது: "எட்டப்பன் மட்டும் காட்டிக் கொடுக்கலேன்னா வெள்ளைக்காரன் அன்னைக்கே மூட்டையைக் கட்டியிருப்பான்."

முதல் ஆளிடம் கணக்கு இருக்கிறது. எந்த மாதம், எந்தப் பயிர், எத்தனை நாள் காய்ச்சல் என்று சொல்லுவார். வைகை இந்தப் பக்கம் ஓடியிருந்தால் என்று ஒருநாளும் ஆரம்பிக்க மாட்டார். நடக்கக்கூடியதாக இருந்து நடக்காமல் போனதை மட்டுமே பேசுகிறார். இரண்டாமவர் வைகையையே திருப்பிவிடுகிறார்.

'அப்படி நடந்திருந்தால்' என்று வரலாற்றைக் கேட்பது வெட்டி வேலை என்பது வரலாற்றாசிரியர் ஈ.எச். கார் போன்றவர்களின் கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை. இது நடந்ததால்தான் அது நடந்தது என்று காரணம் சொல்கிற எவரும், இது நடக்காவிட்டால் அது நடந்திராது என்பதையும் சேர்த்தேதான் சொல்கிறார். கேள்வியைத் தவிர்க்க முடியாது. எதை மாற்றிக் கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

எட்டப்பனை மாற்றிப் பார்ப்போம். அருப்புக்கோட்டையில் தூத்துக்குடி பஸ் ஏறினால் பந்தல்குடி தாண்டி வருகிற எட்டயபுரம்தான் அவருடையது; கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியோடு நிலத் தகராறில் இருந்த பாளையம். கிழக்கிந்தியக் கும்பினியோடு சேர்ந்தது உண்மை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1959-இல் வந்த சினிமாவுக்குப் பிறகு பழி முழுவதும் ஒரே பெயரில் தங்கிவிட்டது. எட்டயபுரம் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழிகாட்டவும் ஆள் சேர்க்கவும் கும்பினி கொஞ்சம் திண்டாடியிருக்கும், அவ்வளவுதான். 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். மைசூரில் கட்டுண்டு கிடந்த கும்பினிப் படைக்குக் கை ஒழிந்தது. நான்கே மாதத்தில், செப்டம்பர் 5-இல், கும்பினித் தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முன் நின்றார். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு.

ஆகவே கேட்க வேண்டியது ஆளை அல்ல, காலத்தை. திப்பு உயிரோடு இருந்தபோதே தெற்கு சேர்ந்து எழுந்திருந்தால்? இது வைகையைத் திருப்புகிற கேள்வி அல்ல. அந்த ஏப்ரலிலேயே மயிலப்பன் சேர்வைக்காரர் முதுகுளத்தூரிலும் கமுதியிலும் கும்பினிக் கிடங்குகளைத் தாக்கியிருந்தார். கமுதி நமக்குக் கிழக்கே, திருச்சுழிக்கு அந்தப் பக்கம்தான். அந்த எழுச்சி ராமநாதபுரம் சீமைக்குள்ளேயே அடங்கிப்போனது. ஆனி ஆடியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழையை எதிர்பார்த்த கதை.

எல்லாவற்றையும் ஓர் ஆளின் மேல் ஏற்றுகிற பழக்கம் ஐரோப்பாவிலும் உண்டு. ஜெர்மனியின் பேரரசர் மூன்றாம் பிரெடரிக் தாராளச் சிந்தனைக்காரர். பட்டமேறி 99 நாளில், 1888 ஜூனில், தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். அவர் பிழைத்திருந்தால் 1914-இன் போரே வந்திராது என்று எழுதியவர்கள் உண்டு. ஒரு நாட்டின் விதியை ஒருவர் தொண்டையில் வைக்கிற இந்த வாதமும் எட்டப்பன் வாதமும் ஒரே தறியில் நெய்தவை. 1871-இல் அந்த நாட்டைக் கட்டியது பிரஷ்யாவின் ராணுவம். 1848-இல் பிராங்க்பர்ட்டில் கூடிய நாடாளுமன்றத்திடம் அரசியல் சட்டம் இருந்தது, சொந்தப் படை இல்லை. மறு ஆண்டு பிரஷ்ய அரசரிடம் மணிமுடியை நீட்டியபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்த நிலைமை மாறாமல் ஒரு பிரெடரிக் மட்டும் பிழைத்து எதை மாற்றியிருப்பார்?

பிராங்க்பர்ட்டுக்கு 47 ஆண்டு முன்பே, 1801 ஜூனில், சிவகங்கைச் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவின் எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் கூப்பிட்ட அறிக்கை அது. ஆயுதம் இருந்தது, ஆளும் இருந்தது. பொதுக் கருவூலம் இல்லை. அந்த அறிக்கையில் இன்றைய இந்தியாவைக் கண்டுகொள்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். மருதுவின் அணி பாதி வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது, கும்பினியோடு ஒப்பந்தம் போட்ட ஒரு சமஸ்தானம். அப்படி ஒன்று பக்கத்திலேயே 1948 வரை இருந்தது. அதன் பெயர் புதுக்கோட்டை என்பதுதான் வேடிக்கை.

எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதி, இத்தாலியின் மாஜினி எடுத்த சபதத்தைத் தமிழில் பாட்டாக்கினார். துரோகிக்குப் பேர் கொடுத்த ஊர் அந்தப் பாட்டையும் கொடுத்தது. மாஜினி கேட்டது குடியரசு. 1861-இல் வந்தது பீட்மாண்ட் அரசரின் இத்தாலி. கரிபால்டி ஆயிரம் பேரோடு போய் சிசிலியையும் நேப்பிள்ஸையும் பிடித்து, 1860 அக்டோபரில் அந்த அரசரிடமே ஒப்படைத்தார். குடியரசுக்காரர்களுக்கு அது கசப்புதான். ஆனால் படைக்குத் தலைவன் ஒருவன், பட்டத்துக்கு உரியவன் இன்னொருவன் என்ற சிக்கலை அவர் அந்த ஒரு செயலில் அவிழ்த்துவிட்டார்.

சிவகங்கையிலும் அதே சிக்கல்தான். பேருக்கு அரசர் வேங்கன் பெரிய உடையணத் தேவர். ஆட்சி மருதிருவர் கையில். இந்த இடைவெளியைக் கும்பினி நன்றாகப் பார்த்துவைத்திருந்தது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி மண்ணால் எழுப்பி, மார்ச்சில் கும்பினியின் மெக்காலே படையைத் திருப்பி அனுப்பினார். பெரிய பீரங்கிகளோடு அக்னியூ வந்து மே 24-இல்தான் அதைப் பிடிக்க முடிந்தது. ஊமைத்துரை கமுதி வழியாகச் சிறுவயல் போய் மருதுவோடு சேர்ந்தார். பீரங்கியால் மட்டும் இதை முடிக்க முடியாது என்று தெரிந்ததும் கும்பினி ஒரு வாரிசைத் தேடியது. படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைச் சோழபுரத்தில் செப்டம்பர் 12-இல் பட்டத்தில் உட்கார வைத்தது. வம்சத்துக்கு விசுவாசமாக இருந்தவர்கள் பலர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். காளையார்கோயில் அக்டோபர் 1-இல் விழுந்தது. 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள்.

படமாத்தூராரை மருது முன்பே தம் பக்கம் இழுத்து, கரிபால்டியைப் போல ஒதுங்கி நின்றிருந்தால்? வென்றிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கத் தகுந்த கேள்வி இது. மருதுவுக்கே அப்போது தோன்றியிருக்கக்கூடிய கேள்வி. கௌரி வல்லபரின் பெயரை எந்த டீக்கடையிலும் யாரும் வசவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.