படிக்கும் நாடகமும் கேட்கும் குரலும்

முத்தமிழுள் ஒன்றாகிய நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் உரியது. ஏட்டில் வைத்துப் படித்தற்குரியதன்று என்பர் பெரியோர். அரங்கமும் ஒளியும் ஒப்பனையும் நடிகனின் மெய்ப்பாடும் ஒருங்கு கூடியவிடத்தே நாடகம் நிறைவெய்தும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. குறிகட்டுவான் துறையிற் கடைசிப் படகின் நேரத்தை எண்ணியே அலுவல்களை அமைத்துக்கொள்ளும் தீவகத்தார்க்கு, யாழ்ப்பாண நகரில் இரவில் நிகழும் நாடகம் பெரும்பாலும் செய்தித்தாளிற் காணும் விளம்பரமேயாகும். எம் முன்னோர் கோயில் வீதியில் விடியுமட்டும் இருந்து கூத்துக் கண்டனர். எனினும் காளிதாசனையும் சேக்ஸ்பியரையும் யாம் அறிந்தது அச்சிட்ட தாள்களின் வாயிலாகவே. ஆகவே, நாடகத்தைப் படிப்பவன் பெறும் பயன் யாது, அவனுக்கு நல்ல நாடகம் எது என்பவற்றை ஒரு வாசகனென்ற முறையில் ஈண்டு ஆராயப் புகுகின்றேன். நாடகக் கலையில் யான் வல்லேனல்லேன். வெளிவாரிப் பட்டத் தேர்வுக்காகச் சில நாடகங்களையும், தேர்வு முடிந்தபின் மனநிறைவுக்காகப் பல நாடகங்களையும் படித்த தமிழாசிரியன் என்னும் அளவே எனக்குள்ள தகுதி.

யான் முதலிற் படித்தது, பலரையும்போல, பேராசிரியர் பெ. சுந்தரம்பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி, ஐந்து அங்கங்களாக ஆசிரியப்பாவில் இயற்றப்பட்ட இந்நாடகம், நடித்தற்கன்றிப் படித்தற்கென எழுந்தது என அறிஞர் கூறுவர். பாண்டியன் ஜீவகனின் பேதைமையும், அமைச்சன் குடிலனின் வஞ்சமும், சுந்தர முனிவர் யாவரும் அறியா வண்ணம் அமைத்த சுருங்கையும், அதன் வழியே வந்த சேரன் புருடோத்தமனுக்கு மனோன்மணி மாலைசூட்டும் இறுதிக் களமும் படிப்போரை ஈர்ப்பனவே. நடராசன் நாங்கூழ்ப் புழுவை நோக்கி அதன் உழைப்பை வியக்கும் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்புத் தோன்றுவதில்லை. சிற்றுயிரொன்று மண்ணைப் பண்படுத்தும் தொழிலைக் கண்டு ஒருவன் தன் வாழ்வை எண்ணிப் பார்க்கும் அவ்விடம், தமிழ்ச் செய்யுள் புதிய பொருளை எத்துணை எளிதாக ஏற்கும் என்பதற்குச் சான்றாகும்.

எனினும் படிப்பவனுக்குரிய எளிய சோதனை ஒன்றுண்டு. பேசுவோர் பெயரைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு, பேச்சை மாத்திரம் வாசித்தல் வேண்டும். பேசுபவர் யாவரென்பது சொல்லின் போக்கினாலேயே புலப்படுமாயின், அவர் உயிருள்ள மாந்தர். புலப்படாதாயின், அவர் ஆசிரியரின் கருத்தைச் சுமப்போரே. மனோன்மணீயத்தை இவ்வாறு படித்தபொழுது குடிலனை அவன் எண்ணத்தால் இனங்கண்டேன்; அவன் குரலால் அன்று. அரசன், செவிலி, சேவகர், நகரமாந்தர் ஆகிய யாவரும் ஒரே அகவலோசையிற் பேசுகின்றனர். இது புலவரின் ஆற்றற் குறைவன்று. அவர் மேற்கொண்ட நெறியின் விளைவு. செய்யுளின் மாட்சியைப் பெற்ற அந்நாடகம், அதற்கு விலையாகப் பலகுரற் பன்மையை இழந்தது.

பழைய நாடகங்கள் யாவும் இவ்வாறே அமைந்தன என்று கருதுதல் பிழை. 1907இல் மறைமலையடிகள் தமிழிற் பெயர்த்த சாகுந்தலத்தின் வடமொழி மூலத்தில், மன்னன் சமஸ்கிருதமும், மகளிரும் ஏனையோருட் சிலரும் பாகதமும் பேசுவர். அந்நாடகத்தின் ஆறாம் அங்கத் தொடக்கத்தில், மீனின் வயிற்றிற் கண்டெடுத்த கணையாழியுடன் வலைஞன் ஒருவன் காவலரிடம் அகப்படுகின்றான். காவலர் அவன் தொழிலை இகழ, பிறப்பால் வந்த தொழிலைக் கைவிடலாகாதென அவன் விடை பகருகின்றான். மன்னன் பரிசில் வழங்கியதும், இகழ்ந்த காவலருக்கே அதிற் பாதியை ஈய, அனைவரும் கள்ளுக்கடை நோக்கி நடக்கின்றனர். நாடகத்தில் அவனுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. எனினும் மீன்பிடித்து வாழும் ஊரில் இருந்து படிப்பவனுக்குத் துஷ்யந்தனைக்காட்டிலும் அவ்வலைஞனே அண்மையில் நிற்கின்றான். சேக்ஸ்பியரும் மாக்பெத்தில், மன்னன் கொலையுண்ட இரவில், கதவு தட்டும் ஓசை கேட்டு எழும் வாயிற்காவலனை உரைநடையிலேயே பேசவிட்டார். ஒரு மொழிக்குள் பல மொழிகள் உள என்பதைப் பெருநாடகாசிரியர் நன்கறிந்திருந்தனர். 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் விபுலாநந்த அடிகள் வடமொழி நாடக இலக்கணத்தையும் சேக்ஸ்பியரையும் ஒருங்கு வைத்துத் தமிழர்க்குக் காட்டியது, இத்தகைய ஒப்புநோக்கிற்கு எமக்கு வழிதிறந்தது எனலாம்.

இனி நம் நாட்டிற்கு வருவாம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஏழாம், எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அத்தகைய அறிஞர் 1940இல் நானாடகம் என்னும் நூலை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே எழுதி வெளியிட்டார். உடையார் மிடுக்கு முதலிய அந்நாடகங்களை முதன்முறை படித்தபோது எனக்கு உண்டானது மகிழ்ச்சியன்று, நாணமே. விருந்தினர் முன்னிலையில் வீட்டுச் சண்டை வெளிப்பட்டாற்போன்ற உணர்வு. 1960களின் தொடக்கத்திற் பேச்சுவழக்கில் எழுந்த ஈழத்துப் படைப்புகளை இழிசனர் வழக்கென்று இகழ்ந்த பண்டிதர்களின் சார்பிலேயே என் மனமும் அந்நாளில் நின்றது. ஆனால் ஒரு மாலைப்பொழுது அந்நூலை உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது, அதிலுள்ள வினாவொன்றுக்கு அடுக்களையிலிருந்து என் தாயார் விடை கூறினார். யான் அவரையே வினவினேன் எனக் கருதிவிட்டார். அதே திண்ணையிலிருந்து மனோன்மணீயத்தை எத்தனையோ நாள் உரக்கப் படித்துள்ளேன். ஒருபொழுதேனும் அவர் விடை கூறியதில்லை.

இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதாயினும், என் தொழிலைப்பற்றிய ஓர் உறுத்தலை அது எழுப்பிற்று. சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்த்தினப் போட்டிக்கென மாணவனொருவன் எழுதிக் கொணர்ந்த நாடகத்திற் பாட்டி ஒருத்தி, "மோனை, உந்தக் காத்துச் சரியில்லை; வள்ளத்தை இழுத்துக் கட்டச் சொல்லு" என்று பேசினாள். யான் அதைச் சிவப்பு மையால் வெட்டிக் 'கொச்சை' எனக் குறித்து, "மகனே, அந்தக் காற்று நன்றன்று, ஓடத்தை இழுத்துக் கட்டுமாறு கூறு" எனத் திருத்திக் கொடுத்தேன். மாணவன் மறுமொழி கூறவில்லை. நாடகமும் பரிசு பெறவில்லை. பின்னர் ஒருநாள், வகுப்பிலே தொல்காப்பியர் கூறும் அ, இ, உ என்னும் முச்சுட்டையும் விளக்கிக்கொண்டிருந்தபோது என் நா தடைப்பட்டது. தமிழகத்தார் வழக்கில் அருகிவிட்ட உகரச் சுட்டு, உது, உவன், உந்த என எம்மவர் நாவில் இன்றும் வாழ்கின்றது. சேய்மைக்கும் அண்மைக்கும் இடைப்பட்டதைச் சுட்டும் அப்பழஞ்சொல்லைப் பாட்டியின் வாயிலிருந்து பறித்து, எங்கள் கரையில் எவரும் வழங்காத 'ஓட'த்தை அவளுக்கு ஏற்றிவிட்டேன். கொச்சையென யான் வெட்டியது என் திருத்தத்தினும் செவ்விது. உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஒருங்கே முதலாகக் கொண்டது தொல்காப்பியம் என்று ஆண்டுதோறும் கற்பிக்கும் எனக்கு, அவ்வழக்கு மாணவனின் தாளில் வந்தபோது அடையாளம் தெரியாமற் போயிற்று.

இவ்வுணர்வோடு படித்த பிறநாட்டு நாடகங்களுள் என்னை மிகவும் ஆட்கொண்டது அயர்லாந்து நாடகாசிரியர் சிங் இயற்றி, 1904இல் டப்ளின் நகரில் அரங்கேறிய ஓரங்க நாடகமாகும். கடலை நோக்கிச் செல்வோர் எனப் பொருள்படும் பெயருடையது அது. அயர்லாந்தின் மேற்கே உள்ள அரன் தீவுகளுக்கு 1898 முதல் பலமுறை சென்று தங்கி, அம்மக்களின் பேச்சைச் செவிமடுத்தே அவர் இதனை எழுதினார். இலக்கண நூல்வழி ஆங்கிலம் கற்ற எனக்கு அவ்வாங்கிலம் முதலில் இடறிற்று. உரக்க வாசித்த பின்னரே வழிவிட்டது. கணவனையும் மைந்தரையும் கடலுக்குப் பறிகொடுத்த முதியவள் ஒருத்தி எஞ்சிய மகனையும் இழக்கின்றாள். வடதிசையிற் கரையொதுங்கியவன் தன் அண்ணனே என்பதை, காலுறையில் தான் தவறவிட்ட தையற் கண்ணிகளை எண்ணித் தங்கை அறிகின்றாள். பிணப்பெட்டிக்குப் பலகை வாங்கி வைத்தவள் ஆணி வாங்க மறந்துவிட்டாள். இத்தகைய சிறு செய்திகளுக்கு அரங்கம் வேண்டுவதில்லை. படிப்பவன் நெஞ்சே போதும். ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். அம்முதியவளுக்குக் கடலே கூற்றம். அதனால், இழக்க இனி ஒருவருமில்லை என்னும் நிலையில் அவள் ஓர் அமைதியை எய்துகின்றாள். எங்கள் கடலில், 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகிற் சென்றோரைக் கொன்றது கடலன்று. ஆகலின் அவ்வமைதியைத் தீவகத்து வாசகன் அவ்வாறே ஏற்றுக்கொள்ளல் அரிது.

செய்யுளும் பேச்சும் ஒன்றையொன்று பகைப்பனவோ எனும் வினா எஞ்சி நிற்கின்றது. அளவெட்டி தந்த மகாகவி து. உருத்திரமூர்த்தியின் புதியதொரு வீடு அதற்கு விடையாகும். கடலுக்குச் சென்று மாண்டானெனக் கருதப்பட்டவன், தன் மனைவி மறுமணம் புரிந்தபின் திரும்பிவரும் துயர்நிலையே அப்பாநாடகத்தின் கரு. 1971இல் மறைந்த அக்கவிஞர், நெய்தல் நில மாந்தரின் பேச்சோசையைச் சிதைக்காமலே யாப்புக்குள் நிறுத்திக் காட்டினார். விரலால் பெயரை மறைத்துப் படிப்பினும் பேசுவோர் குரல் கேட்கின்றது, ஓசையும் கெடவில்லை. சுந்தரம்பிள்ளை ஒருபுறமும் கணபதிப்பிள்ளை மறுபுறமும் நிற்க, இடையே ஓடிய நீரில் இவர் பாலமிட்டார் என்பது என் துணிபு.

பேச்சுவழக்கில் எழுதப்பட்ட யாவும் நல்ல நாடகமாகிவிடா என்பதையும் மறத்தலாகாது. ஏனையோர் செந்தமிழ் பேச, வேலைக்காரனும் கோமாளியும் மாத்திரம் ஊர்ப்பேச்சுப் பேசும் நாடகங்கள் பல. அவை அப்பேச்சை நகைப்பொருளாக்குவன. என் சிவப்பு மையினும் அவை தீங்கானவை. துயரையும் பெருமிதத்தையும் அம்மொழியிலேயே உரைக்க விடுபவனே அதனை மதித்தவனாவான். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் எந்தையும் தாயும் இதனைச் செய்தது. 1990களின் தொடக்கத்தில் எழுந்த அந்நாடகம், பிள்ளைகள் புலம்பெயர்ந்தபின் ஊரில் தனித்துவிடப்பட்ட முதியோரைப் பற்றியது. அக்காலத்திலேதான் தீவகத்து ஊர்களும் இடம்பெயர்ந்து வெறிச்சோடின. யானும் சிறுவனாக அன்று வெளியேறியவன். மீண்டு வந்தபோது கூரையற்ற சுவர்களைக் கண்டோம். சுவர்களைத் திரும்பக் கட்டலாம். அவற்றினுள் ஒலித்த பேச்சை எவ்வாறு கட்டுவது? இந்நாடகத்தை என் தாயாருக்குப் படித்துக் காட்டியபோது அவர் இம்முறை விடை கூறவில்லை. புத்தகத்தை மூடவும் விடவில்லை.

ஆதலின், நாடகத்தைப் படித்தல் அரங்கிற் காண்பதற்கு ஈடாகாது எனினும், அதற்கெனத் தனிப்பயன் ஒன்றுண்டு. படிப்பவன் தானே குரல்கொடுத்து, பிறர் பேச்சைத் தன் நாவிற் சுமக்கின்றான். அதனால் எம் பாடசாலைகளில் நாடகப் பகுதிகளை வினாவிடைக்காக மௌனமாகப் படிப்பித்தலை விடுத்து, மாணவர் பங்கேற்று உரக்க வாசிக்கச் செய்தல் நன்று. பிரதேசச் சொற்களுக்கு அருஞ்சொல் விளக்கம் எழுதும் பணியை முதியோரிடம் கேட்டறியுமாறு அவர்களிடமே ஒப்படைக்கலாம். என் பங்குக்கு ஒன்று செய்தேன். அம்மாணவன் இப்பொழுது உயர்தர வகுப்பிற் கற்கின்றான். அவனை அழைத்து, அந்நாடகத்தின் பழைய படியைக் கொணருமாறு கேட்டேன். கொணர்ந்தான். சிவப்பு மையிட்ட வரிக்கு மேலே, பாட்டியின் சொற்களை என் கையாலேயே திரும்ப எழுதிக் கொடுத்தேன்.