போதுமென்ற மனமும் அதியமானின் பந்தியும்

நம் பிரசங்க பீடங்களில் மிகுதியாய் எடுத்தாளப்பட்டு, குறைவாய் ஆராயப்பட்ட சொற்களுள் 'போதும்' என்பது ஒன்று. தேவை வேறு, ஆசை வேறு. தேவையோடு நிற்பவனே மெய்க் கிறிஸ்தவன் என்பது வழக்கமான அருளுரையின் சாரம். அதைப் பிழையென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் எவருடைய தேவையை எவர் அளப்பது என்னும் கேள்வியை அவ்வருளுரை பெரும்பாலும் எழுப்புவதில்லை. நம் திருமறை மொழிபெயர்ப்பும் இதற்கு ஓரளவு காரணம் என்றே கருதுகிறோம்.

பிலிப்பியர் 4:11, 1 தீமோத்தேயு 6:6, 2 கொரிந்தியர் 9:8 ஆகிய மூன்றிடங்களிலும் கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரே வேரில் பிறந்த சொல். 'அவுட்டார்க்கெயா', அதாவது தானே தனக்குப் போதுமாயிருத்தல். ஸ்தோயிக்கர் இதை ஞானியின் இலக்கணமாகக் கொண்டிருந்தனர். நம் பழைய மொழிபெயர்ப்போ முதலிடத்தில் 'மனரம்மியம்' என்கிறது. இரண்டாமிடத்தில் போதுமென்கிற மனதைப் பேசுகிறது. மூன்றாமிடத்தில் 'சம்பூரணம்' என்கிறது. முதலிரண்டிலும் மூலத்தில் இல்லாத 'மனம்' நுழைந்துவிட்டது. மூன்றாமிடம் எருசலேமின் ஏழைகளுக்கான தருமப்பணத்தைப் பற்றியது. அங்கே போதுமான நிலை, நற்கிரியைகளில் பெருகும்பொருட்டு தேவன் அருள்வது. மூன்றும் ஒரு சொல்லின் பெயர்ப்புகள் என்று தமிழ் வாசகர் அறிய வழியில்லை. 'சம்பூரணம்' என்று படிப்பவர் செழிப்பைப் பிரசங்கிக்கிறார். 'மனரம்மியம்' என்று படிப்பவர் பொறுமையைப் பிரசங்கிக்கிறார். இரண்டையும் ஒரே கன்வென்ஷன் மேடையில் நாம் கேட்டதுண்டு.

இம்முடிச்சை அவிழ்க்க, தகடூர் நாட்டுப் பாட்டு ஒன்று நமக்கு உதவக்கூடும். தருமபுரிக்குத் தெற்கே, சேலம் சாலையில் உள்ள அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியமான்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அக்குலத்து நெடுமான் அஞ்சியை நம் மக்கள் நெல்லிக்கனியால் அறிவர். அது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. நமக்கு வேண்டியது 95ஆம் பாட்டு. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று, மாலை சூடி, காவலுள்ள மனையில் இருப்பதைக் கண்ட ஔவையார், எம் கோமானுடைய வேலோ முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறார். பாட்டு முடியுமிடத்தில் அதியமானுக்குத் தரும் அடைமொழியே கருதத்தக்கது. பொருள் உள்ளபோது பிறர்க்கு உணவளிப்பவன், இல்லாதபோது அவர்களோடு இருந்து உண்பவன், இல்லாதவருடைய சுற்றத்துக்குத் தலைவன்.

உண்டான காலம், இல்லாத காலம் என்னும் இரண்டையும் பவுலும் பிலிப்பியர் 4:12இல் இணைத்துப் பேசுகிறார். நம் போதகர்கள் இவ்விடத்தில் நக்கீரரின் 189ஆம் புறப்பாட்டை ஒப்பிடுவதுண்டு. அரசனுக்கும் வேடனுக்கும் உணவின் அளவும் உடையின் எண்ணிக்கையும் ஒன்றே எனக் கூறி, செல்வத்தின் பயன் ஈதல் என்று காட்டும் பாட்டு அது. சிறந்த பாட்டுதான். ஆனால் அது 'எவ்வளவு' என்ற கேள்விக்கு விடை கூறுகிறது. ஔவையார் 'எவரோடு' என்ற கேள்விக்கு விடை கூறுகிறார். ஈபவன் தன் உயரத்திலேயே நின்றுகொண்டு ஈயலாம். உடனுண்பவன் பந்தியில் உட்கார வேண்டும்.

அதியமானைக் கிறிஸ்துவின் நிழலாக்கி எழுதும் சபலத்தை மாணவர்கள் விட்டொழிப்பது நலம். இது வேலைப் புகழும் பாட்டு. அக்கால மன்னரின் கொடைக்குப் பின்னால் ஆநிரை கவர்தலும் கொள்ளையும் இருந்தன. தோற்ற நாட்டாரின் தேவையை அப்பந்தி கணக்கில் எடுக்கவில்லை. மேலும் அங்கே அரசன் என்றும் விருந்தளிப்பவனே. பவுலோ கட்டுண்டவராய், எப்பாப்பிரோதீத்துவின் கையால் வந்த உதவியைப் பெற்றுக்கொண்டு எழுதுகிறார். பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தின் பிற்பகுதி, உண்மையில், காணிக்கைக்கு அவர் கொடுத்த பற்றுச்சீட்டு. கொடுக்கல் வாங்கல் என்னும் கணக்குச் சொற்களையே 15ஆம் வசனத்தில் ஆளுகிறார். எனக்குப் போதும் என்று சொன்ன அதே மூச்சில், என் உபத்திரவத்தில் நீங்கள் பங்குகொண்டது நன்று என்கிறார். ஸ்தோயிக்க ஞானி இப்படி எழுதியிருக்க மாட்டான்.

'மனம்' என்னும் சொல்லால் வரும் கேட்டிற்குத் தருமபுரி மாவட்டத்திலேயே சான்று உண்டு. அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்களில் கறை படிகிறது, நாளடைவில் எலும்புகள் கெடுகின்றன. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. நீரில் கலந்த புளோரைடை நாக்கு அறிவதில்லை. குடிப்பவர் நிறைவோடு குடிக்கலாம், தம் தேவையைத் தாமே அறியாதிருக்கலாம். அவரிடம் எபிரெயர் 13:5ஐக் காட்டி, இருப்பது போதும் என்று எண்ணச் சொல்வது வசனத்தைத் திரிப்பதாகும். அவ்வசனம் பண ஆசையைக் கண்டிக்கிறது, நல்ல நீரைக் கேட்பவரை அன்று. தேவையை அளக்கும் கோல் மனத்தில் மட்டும் இருக்குமானால், பழகிப்போன இல்லாமை யாவும் மனரம்மியமாகத் தோன்றும். பழகிப்போன ஆடம்பரம் யாவும் தேவையாகத் தோன்றும். பின்னதற்கு உதாரணம் தேடி நாம் குருமனைகளைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை.

1 தீமோத்தேயு 6:8இல் உடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'மூடுவது' என்பது பொருள். கூரையும் அதில் அடங்கும் என்று கொள்வாருண்டு. அவ்வதிகாரம் அங்கே முடிவதுமில்லை. 17ஆம், 18ஆம் வசனங்களில் ஐசுவரியவான்களுக்குத் தனிக் கட்டளை வருகிறது. அக்கட்டளையின் கடைசிச் சொல் 'கொய்னோனிக்கோஸ்'; ஐக்கியம் என்னும் சொல்லின் வேரிலிருந்து வருவது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை 'உதாரகுணம்' ஆக்கி, கொடுப்பவரின் குணச்சிறப்பாக நிறுத்திவிட்டது. மூலம் சொல்வது பங்காளியாயிருத்தல். இவ்விடத்தை மீண்டும் பெயர்க்க முற்படுவோர், ஔவையார் அதியமானுக்குத் தந்த இரண்டாம் அடைமொழியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.