முகம் மாறாதிருந்தால் போதுமா?

கோயில் தலவரலாற்றைக் காணொளியாக்குகிறவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படக்கதை தயாரிக்கும் ஆசிரியை, யூடியூபில் பாட்டி கதை சொல்லும் இளைஞர் என்று, கள்ளக்குறிச்சி மாவட்டத்து வடக்கனந்தல் போன்ற ஒரு பேரூராட்சியிலும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் செய்ய முனைகிறவர்கள் வந்துவிட்டார்கள். இவர்கள் எல்லோரும் முதலில் தடுமாறும் இடம் ஒன்றுதான். முதல் படத்தில் வந்த சிறுமி இரண்டாம் படத்தில் வேறொருத்தியாக நிற்பாள். மூக்கு மாறியிருக்கும், வயது கூடியிருக்கும், பாவாடை சட்டை கவுனாகியிருக்கும். கதை கேட்கும் பிள்ளை "இது யாரு?" என்று கேட்டுவிட்டால் கதை அங்கேயே அறுந்துபோகும்.

ஒரு பாத்திரத்தை எல்லாப் படங்களிலும் ஒரே ஆளாகக் காட்டும் வழிகள் சில ஆண்டுகளில் மளமளவென்று வளர்ந்திருக்கின்றன. அவற்றால் கிடைத்திருப்பது மெய்யான ஆதாயம். ஆனால் முகத்தை மாறாமல் வைத்திருப்பதிலேயே முழுக் கவனத்தையும் செலவிட்டுவிட்டு, அது சரியான முகம்தானா என்று கேட்க மறந்துவிடுகிறோம். இந்த நடைமுறையின் பெரிய குறை அந்த மறதியில் இருக்கிறது.

முகம் ஏன் நழுவுகிறது?

படம் தரும் மாதிரிகளில் பெரும்பாலானவை ஒழுங்கற்ற புள்ளிகளின் இரைச்சலில் தொடங்கி, நாம் எழுதிக்கொடுத்த வரிக்கு ஏற்ப அதைப் படிப்படியாக நீக்கி உருவத்தைக் கொண்டுவருகின்றன. "பத்து வயதுச் சிறுமி, ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன்" என்ற வரிக்குப் பொருந்தும் முகங்கள் கணக்கில் அடங்காதவை. நாம் சொல்லாமல் விட்ட தாடையையும் இமையையும் நெற்றி அகலத்தையும் மாதிரியே நிரப்பிக்கொள்கிறது. அடுத்த முறை வேறோர் இரைச்சலில் தொடங்கும்போது வேறு விதமாக நிரப்புகிறது. 'சீட்' எனப்படும் தொடக்க எண்ணைப் பூட்டிவைத்தால் அதே வரிக்கு அதே படம் கிடைக்கும். ஆனால் "நிற்கிறாள்" என்பதை "ஓடுகிறாள்" என்று மாற்றியதும் முகமும் கூடவே மாறத் தொடங்கும்.

2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட மாதிரி பொதுமக்கள் கைக்கு வந்தது. அதே மாதம் கூகுள், பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்ரீம்பூத் என்ற முறையை முன்வைத்தார்கள். ஓர் உருவத்தின் மூன்று முதல் ஐந்து படங்களைக் காட்டி அதை மாதிரிக்குக் கற்பிக்கும் முறை அது. 2021இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மொழி மாதிரிகளுக்காக உருவாக்கிய லோரா என்ற முறை, பட உலகுக்கும் வந்து, ஒரு பாத்திரத்தைச் சிறு கோப்பாகச் சேமித்துவைக்க உதவியது. 2024 மார்ச்சில் மிட்ஜர்னி என்ற பட உருவாக்கச் செயலி, ஒரு படத்தைக் காட்டி "இதே ஆள்" என்று சொல்லும் வசதியைத் தந்தது. 2025இல் சாட்ஜிபிடியும், 'நானோ பனானா' என்ற பெயரில் பரவிய கூகுளின் ஜெமினி பட மாதிரியும் இதை இன்னும் எளிதாக்கின. இப்போது படத்தைக் காட்டி, "இவளையே அணைக்கரையில் நிற்க வை" என்று சொன்னால் பெரும்பாலும் அவளே வந்து நிற்கிறாள்.

ஆதாயம் யாருக்கு?

இந்த வசதியால் அதிகம் பயன்பெறக்கூடியவர் பெருநகரத்து விளம்பர நிறுவனக்காரர் அல்லர். அவருக்கு ஓவியரை அமர்த்தப் பணம் இருக்கிறது. பதினாறு பக்கக் கதைக்குப் பதினாறு படம் வரைய ஆளும் பணமும் இல்லாத ஆசிரியைக்குத்தான் இது புதிய கதவு. கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் பேருந்தில் ஏறும் ஒரு பிள்ளை, மரவள்ளிக் காட்டில் வேலை செய்யும் அம்மா, கடுக்காய் பொறுக்கும் பாட்டி, கோமுகி அணையில் மீன் பார்க்கும் தம்பி என்று இந்த மண்ணின் கதையை இந்த மண்ணின் பிள்ளைக்குச் சொல்ல நினைப்பவருக்குக் கடையில் கிடைக்கும் படங்கள் உதவுவதில்லை. சென்னையிலோ டில்லியிலோ அச்சாகும் புத்தகத்தில் கல்வராயன் மலையைப் பார்ப்பது அரிது.

வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இது வெறும் அழகு சார்ந்த காரியமும் அல்ல. எழுத்தில் தடுக்கி நிற்கும்போது படத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது அடுத்த வரிக்குப் போகிறது. முன்பக்கத்தில் பார்த்தவளே இந்தப் பக்கத்திலும் இருக்கிறாள் என்ற உறுதி இருந்தால்தான் "அவள்" என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று அதற்குப் புரியும். திருத்துவதும் இப்போது எளிது. பிள்ளைகளிடம் காட்டி, "வண்டி பச்சையா இருக்கணும் டீச்சர்" என்று அவர்கள் சொன்னால் அன்று மாலையே மாற்றிவிடலாம்.

நம்மிடம் ஏற்கெனவே இருந்த வழிகள்

தொடர்ந்து வரும் படங்களில் ஓர் ஆளைக் காப்பாற்றுவது தமிழுக்குப் புதிய வேலை அல்ல. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தபோது மணியம் அதற்குப் படம் வரைந்தார். குதிரை மேல், படகில், சுரங்கப்பாதையில், அரண்மனையில் என்று வந்தியத்தேவன் எத்தனையோ கோலத்தில் வருவான். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்து அளந்தால் மூக்கும் தாடையும் அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனாலும் அவனை வேறொருவனாக யாரும் எண்ணியதில்லை. பிற்காலத்தில் அதே தொடர் மீண்டும் வெளியானபோது வினுவும் பத்மவாசனும் வரைந்தார்கள். முகம் ஓவியருக்கு ஓவியர் மாறியது. துடுக்கும் துணிச்சலும் கொண்ட அந்த வாலிபன் மாறவில்லை. ஓவியர் கதையைப் படித்து, ஆளைப் புரிந்துகொண்டு வரைந்ததால் வந்த ஒற்றுமை அது.

கூத்து இன்னொரு வழியைக் காட்டுகிறது. நடுநாட்டுப் பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் ஓர் இரவு ஒருவருக்கு, மறு இரவு வேறொருவருக்கு என்று கை மாறலாம். முகம் வேறு, குரல் வேறு. ஆனால் திரை விலகியதும் கூட்டத்துக்கு ஆள் தெரிந்துவிடும். சிவப்பு அரிதாரம், பெரிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், அடவு எல்லாம் சேர்ந்து அவனைச் சொல்லிவிடுகின்றன. எது மாறலாம், எது மாறக்கூடாது என்று கூத்து மரபு தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது.

மூன்றாவது வழி கள்ளக்குறிச்சியிலேயே உளிச்சத்தமாகக் கேட்கிறது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தில், தெய்வ உருவங்கள் சிற்ப நூல்கள் வகுத்த தாள அளவைப் பின்பற்றுகின்றன. முகத்தின் நீளம்தான் அடிப்படை. உடலின் மற்ற உறுப்புகள் அதிலிருந்து கணக்கிடப்படும். பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாளத்தில் மொத்த உயரம் 124 அங்குலம். இது அடிக்கோலில் காணும் அங்குலம் அல்ல. அந்தந்தச் சிற்பத்தின் உயரத்தைப் பகுத்துப் பெறும் கூறு. அதனால் ஒரு முழப் பலகையிலும் ஆள் உயர மரத்திலும் விகிதம் மாறுவதில்லை. அளவை நூல் சொல்கிறது, முகத்தின் உயிரை ஆசாரியின் கை தருகிறது. இரண்டு ஆசாரிகள் செதுக்கிய இரண்டு பிள்ளையாரும் பிள்ளையார்தான், ஆனால் ஒன்றின் நகல் மற்றொன்று அல்ல.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று. எது நிலையாக இருக்க வேண்டும் என்று ஒரு மனிதரோ மரபோ முதலில் முடிவு செய்கிறது. ஒற்றுமை அதன் பிறகு வருகிறது. செயலியில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. அது முதலில் ஒரு முகத்தைத் தருகிறது. நாம் அதை ஏற்றுக்கொண்டு, பிறகு அதையே விடாமல் பிடித்துக்கொள்கிறோம்.

குறைகள்

முதல் குறை விறைப்பு. சில படங்களை மட்டுமே காட்டிப் பழக்கினால் மாதிரி முகத்தோடு பாவனையையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. காட்டிய படங்களில் சிரித்திருந்தால் ஆடு தொலைந்த பக்கத்திலும் சிறுமி சிரிக்கிறாள். ட்ரீம்பூத் ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையில் இந்த வகைக் கோளாறுகளை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: மாதிரி தான் பழகிய படங்களையே திரும்பத் தருவது, சூழலுக்கேற்ப உருவத்தின் தோற்றமே மாறிவிடுவது. புதிய மாதிரிகளில் இது குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. அழுதால் முகம் கோணும், காய்ச்சலில் வாடும், ஐந்து ஆண்டில் வளரும். முகம் சற்றும் மாறாத பாத்திரத்துக்கு எதுவும் நேரவில்லை என்றுதான் பொருள்.

இரண்டாவது, சின்னச் சின்ன அடையாளங்கள் தடம் மாறுவது. பேத்தியும் பாட்டியும் சேர்ந்து சந்தைக்குப் போகும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு மூக்குத்தி, பேத்திக்கு இடப்புருவத்தில் ஒரு சிறு தழும்பு என்று எழுதுகிறோம். வரும் படத்தில் மூக்குத்தி பேத்திக்கும் ஏறிவிடும். அல்லது அவள் திரும்பி நடக்கும் காட்சியில் தழும்பு வலப்புருவத்துக்குப் போய்விடும். அந்தத் தழும்பு மூன்றாம் பக்கத்தில் மரத்திலிருந்து விழுந்ததால் வந்தது என்பது கதை. செயலிக்கு அது தோலில் ஒரு கோடு மட்டுமே. மொத்தத்தில் முகம் ஒத்திருக்கிறது என்று நாம் திருப்திப்படுகிறோம். பிள்ளையின் கண் தழும்பைத்தான் தேடும்.

மூன்றாவது குறைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. முதல் முகமே தவறாக இருந்தால் என்ன ஆகும்? 'ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்' இதழ் 2023இல் மிட்ஜர்னியை ஆராய்ந்தபோது, "இந்தியர் ஒருவர்" என்று கேட்டதற்குப் பெரும்பாலும் தாடியும் தலைப்பாகையும் கொண்ட முதியவரே வந்தார். நாட்டுக்கே இந்தக் கதி என்றால் கல்வராயன் மலைக்கு என்ன கிடைக்கும்? "பழங்குடிச் சிறுமி" என்று எழுதினால் இறகும் பாசிமணிக் குவியலும் வந்து ஒட்டிக்கொள்வதைக் காணலாம். வெள்ளிமலைப் பள்ளிக்குச் சீருடையும் ரெட்டைச் சடையுமாகப் போகும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளை அந்தப் படத்தில் தன்னைக் கண்டுகொள்ள முடியாது. நிறம் ஒரு படி வெளுத்திருக்கும். பாட்டியின் முந்தானை வடநாட்டு வழக்கப்படி தலையை மூடியிருக்கும். பின்னால் தெரியும் மலையில் பைன் மரங்கள் நிற்கும்.

முன்பு, முகம் படத்துக்குப் படம் நழுவிக்கொண்டிருந்தபோது இந்தத் தவறுகளும் சிதறிக் கிடந்தன. ஒரு படத்தில் தவறு, அடுத்ததில் தற்செயலாகச் சரி. இப்போது தவறு பூட்டப்படுகிறது. வெளுத்த முகம் பதினாறு பக்கத்திலும் மாறாமல் வரும். திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் பிள்ளை மனதில் பதியும். அதனால் நேர்த்தியாகக் காக்கப்பட்ட தவறு, சிதறிய தவறைவிடக் கெடுதலானது.

நான்காவது, இரவல் முகம். புகழ்பெற்ற நடிகரின் முகத்தைச் சொல்லிவிட்டால் மாதிரி அதை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது பலர் கையாளும் குறுக்கு வழி. 2022இல் கிறிஸ் கஷ்டனோவா மிட்ஜர்னியில் உருவாக்கிய 'ஸார்யா ஆஃப் தி டான்' படக்கதையின் நாயகி, நடிகை செண்டாயாவை ஒத்திருந்ததைப் பலரும் கவனித்தார்கள். அந்தப் படைப்பைப் பற்றி 2023 பிப்ரவரியில் முடிவெடுத்த அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், எழுத்துக்கும் அதைப் படங்களோடு கோத்த விதத்துக்கும் மட்டும் உரிமை தந்தது; தனித்தனிப் படங்களுக்குத் தரவில்லை. பாடுபட்டுக் காத்த முகம் அந்நாட்டில் சட்டப்படி படைப்பாளியுடையதாகவில்லை.

நடிகர் வேண்டாம் என்று ஊர்ப் பிள்ளை ஒன்றின் புகைப்படத்தை ஏற்றுவது இன்னும் பெரிய பிழை. 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நெறி. சட்டத்தை விட்டாலும், மலைக் கிராமத்துப் பிள்ளையின் முகத்தை அதன் வீட்டார் அறியாமல் ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும் உரிமை நமக்கு இல்லை.

என்ன செய்யலாம்?

குறைகளைச் சொன்னதால் கருவியைத் தூக்கி எறியச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையைச் சரிசெய்தால் பாதிக் குறைகள் விலகும். படம் கேட்கும் முன், பாத்திரத்தைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதிவையுங்கள்: வயது, நிறம், உடை, நடை, எந்தப் புருவத்தில் தழும்பு, எந்தப் பக்கத்திலிருந்து தழும்பு. கூத்தைப் போல, மாறக்கூடாத நான்கைந்து அடையாளங்களை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதைக் கதைக்கு விடுங்கள். அந்தப் பக்கத்தை யாருடைய வாழ்க்கையைச் சொல்கிறீர்களோ அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். சேலை கட்டும் விதம் தவறு என்று வெள்ளிமலைப் பாட்டி சொன்னால் அந்தத் தீர்ப்புக்கு மேல் முறையீடு கிடையாது.

முதல் உருவத்தை மனிதக் கையால் வரையச் செய்யுங்கள். கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் காகிதத்தில் உருவம் எழுதி மரத்தில் ஏற்றும் கைகள் இருக்கின்றன. நேர், பக்கம், பின், சிரிப்பு, அழுகை என்று ஐந்தாறு கோட்டுப் படங்கள் போதும். அவருக்கு உரிய கூலி கொடுங்கள், புத்தகத்தில் அவர் பெயரைப் போடுங்கள், செயலியில் ஏற்றுவதற்கு அவரிடம் ஒப்புதல் கேளுங்கள். திரும்ப வரையும் உழைப்பைச் செயலி சுமக்கட்டும். இவள் யார் என்று முடிவு செய்யும் வேலை நம்மிடமே இருக்கட்டும்.

முகத்தை மாறாமல் காக்கும் திறமையைப் பாராட்டலாம். ஆனால் மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு பிள்ளை, படத்தைப் பார்த்ததும் "இது எங்க ஊரு" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லவைக்காத படக்கதை, பதினாறு பக்கத்திலும் ஒரே முகத்தைக் காட்டினாலும் தோற்றுப்போன படக்கதைதான்.