ஹூடினியின் நூலும் வாள் விழுங்குவோர் வழக்கும்

அமெரிக்க வித்தைக்காரர் ஹாரி ஹூடினி 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மிராக்கிள் மாங்கர்ஸ் அண்ட் தேர் மெத்தட்ஸ்’ என்னும் நூலை ஆசிரிய நண்பர் சிலரேனும் படித்திருத்தல் கூடும். நெருப்புத் தின்போர், நஞ்சுண்போர், வாள் விழுங்குவோர், வலிமை காட்டுவோர் ஆகியோரின் செய்முறைகளை முற்ற வெளிப்படுத்துவதாக அதன் துணைத்தலைப்பே முரசறைகின்றது. நடை விறுவிறுப்பானது, செய்தியும் மிகுதி. ஆயினும் நூலின் அமைப்பில் எமக்கு ஒரு வழக்கு உண்டு. ‘வெளிப்படுத்துதல்’ என்று தலையில் எழுதியபின், உள்ளே வருவோர் அனைவரும் குற்றவாளிகளாகவே வருகின்றனர். சூதும் மெய்யும் ஒரே தொழுவத்தில் கட்டப்பட்டு விடுகின்றன.

வாள் விழுங்குதலை எடுத்துக்கொள்வோம். வாள் கைப்பிடிக்குள் மடங்கி ஒளிகின்றது என்பதே பார்ப்போரின் முதல் ஐயம். உண்மையோ வேறு. தொண்டையில் எழும் குமட்டலைப் பன்னாட் பயிற்சியால் அடக்கி, தலையை நிமிர்த்தி, வாயையும் உணவுக் குழலையும் நேர்க்கோட்டில் நிறுத்தினால் எஃகு உள்ளே இறங்குகின்றது. இதில் கண்கட்டு இல்லை. ஹூடினியும் இதனை ஒப்புகின்றார். 1868இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர், உணவுக் குழலினுள்ளே கண்ணாற் காண விரும்பியபோது, வாள் விழுங்கும் ஒருவரையே துணைக்கு அழைத்தார். அம்மனிதர் 47 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான குழாயை விழுங்கிக் காட்டினார். இன்றைய உள்நோக்குக் கருவிகளின் வரலாற்றில் அவருக்கும் பங்குண்டு. சூதுக்காரனுக்கு இந்தப் பெருமை வாய்க்குமா?

மெய்யென்று நம்ப வைப்பதற்கு அவர்கள் படும் பாடே பெரும்பாடு. வாளைக் கூட்டத்தாரிடம் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்வர். அதுவும் போதாதென்றால் ஒன்றுக்கு மூன்றாக விழுங்குவர். ஒளிரும் நியான் குழாயை இறக்கி, நெஞ்சின் தோல் வழியே ஒளி தெரியச் செய்தவர்களும் உண்டு. எஃகைவிடக் கண்ணாடி கொடிது. அஃதாவது செயலைக் காட்டிலும் சான்றே ஆபத்தாகின்றது! இஃது எம் கற்பனையன்று. 2006ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரயன் விட்கோம்ப், டான் மேயர் ஆகிய இருவர் 46 வாள் விழுங்குவோரை ஆராய்ந்து எழுதினர். தொண்டை நோவு அவர்க்கு இயல்பு. பெருங்காயம் நேர்ந்தது கவனம் சிதறியபோதும், பழகாத புதுமையைச் சேர்த்தபோதும். ஒருவருக்குத் தோளிலிருந்த கிளியின் குறும்பால் உணவுக் குழல் கிழிந்தது. மூன்று வாள்களை உள்ளே கொண்டு ஆடிய நங்கை ஒருத்தியின் இடைக்கச்சில் யாரோ பணத்தாளைச் செருக, வாள்கள் கத்தரிபோல் அசைந்து குருதி பெருகிற்று.

நெருப்பு வித்தைக்காரர் ஐவன் ஷாபெர் என்பவரைப் பற்றியும் ஹூடினி விரித்தெழுதுகின்றார். இவர் காய்ந்த அடுப்பறைக்குள் பச்சை இறைச்சியோடு புகுவார். இறைச்சி வெந்திருக்கும், தாம் நலமாக வெளிவருவார். நஞ்சுண்டும் காட்டுவார். 1830இல் இலண்டனில் ‘லான்செட்’ இதழாசிரியர் தாமஸ் வேக்லி, தாம் கொணர்ந்த புருசிக் அமிலத்தை உண்ணுமாறு அறைகூவினார், ஷாபெர் மறுத்தார். நஞ்சுக் கதை அத்தோடு குலைந்தது. ஆனால் அடுப்புக் கதையோ? 1774இல் சார்ல்ஸ் பிளாக்டன் முதலிய அறிஞர்கள் ஏறத்தாழ 127 பாகை சென்டிகிரேடு வரை காய்ந்த அறைக்குள் தாமே புகுந்து மீண்டனர். உடன் வைத்த இறைச்சி வெந்து போயிற்று. வறண்ட காற்றில் வியர்வை ஆவியாகி உயிருள்ள உடலைக் குளிர்விக்கின்றது; இறைச்சிக்கு வியர்வை ஏது? ஆக, ஒரே மனிதரிடம் ஒன்று புரட்டு, மற்றொன்று நடக்கக் கூடியது. ஒன்றில் அகப்பட்டவனை எல்லாவற்றிலும் பொய்யனாக்குதல் எளிது. எம் மாணாக்கரும் இதனையே செய்வர்.

மேல்வகுப்புப் பிள்ளைகட்கு இந்நூலைத் தருவோர், முன்னுரையை விடுத்து வாள் அதிகாரத்தை முதலிற் படிக்கச் செய்வாராக. நெருப்பும் நஞ்சும் பிறகு வரலாம்.