குடிநீரும் கரைப்பானும்: நிலவேம்பு ஆய்வுகளின் முறையியல்

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகளின் கூட்டு. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவற்றை இடித்து, நீரிலிட்டுக் காய்ச்சிக் குறுக்கிக் கொடுப்பது சித்த மருத்துவ முறை. பாக்டீரியா எதிர்ப்பாற்றலைச் சோதிக்கும் ஆய்வுகள் பலவும் நிலவேம்பை மட்டும் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, அச்சாற்றை அகார் தட்டில் இட்டு, பாக்டீரியா வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கின்றன. முடிவுரையிலோ மரபு மருத்துவமே மெய்ப்பிக்கப்பட்டதாக எழுதிவிடுகின்றன.

மெய்ப்பிக்கப்பட்டது எது? நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு நீரில் அரிதாகவே கரையும், மெத்தனாலில் கரையும். எனவே நோயாளி குடிப்பதும் தட்டில் இடப்படுவதும் ஒன்றல்ல. வட்டத்தின் அகலமும் ஆற்றலை மட்டும் காட்டுவதன்று. அகாரில் எளிதில் பரவாத பொருள் வலியதாயினும் சிறு வட்டமே தரும். குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைத் தராத அட்டவணைகளை ஒப்பிடுவதில் பயனில்லை. (டெங்கு வைரஸால் வருவது; அதற்கு இச்சோதனை எவ்வகையிலும் சான்றாகாது.)

கரைப்பானை மாற்றுவதே பிழை எனக் கொள்ள வேண்டியதில்லை. சீனத்தின் தூ யூயூவும் மாற்றினார். 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹொங்கின் நூல் மூலிகையைக் காய்ச்சச் சொல்லாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னதைக் கவனித்து, வெப்பம் குறைத்து ஈதரைக் கையாண்டார். அவ்வழியே மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் வந்தது. மாற்றத்திற்கான காரணம் அங்கே மூலநூலிலிருந்து பெறப்பட்டது. நிலவேம்பு ஆய்வுகளில் மெத்தனாலுக்கு அத்தகைய காரணம் கூறப்படுவது அரிது. மெத்தனால் சாற்றின் அருகே குறுக்கிய குடிநீரையும் இட்டு அளந்திருந்தால், வட்டம் தோன்றாவிடினும் அது குடிநீரைப் பற்றிய முடிவாக இருந்திருக்கும்.