முள் முட்டி நின்ற இடம்

‘செர்னோபில்’ தொடரை (2019, எச்பிஓ) மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் முதல் எபிசோடில் அந்த 3.6 வரும் இடத்தில் நிறுத்தி, பின்னால் போய் மறுபடி பார்த்தேன். உலை வெடித்துவிட்டது. கதிர்வீச்சு எவ்வளவு? மணிக்கு 3.6 ராண்ட்ஜன். சமாளிச்சுடலாம் என்று அறையில் ஒரு நிம்மதி பரவுகிறது. ஆனால் அந்தக் கருவியால் காட்ட முடிந்ததே அவ்வளவுதான். விநாடிக்கு ஒரு மில்லி ராண்ட்ஜன் அதன் உச்சவரம்பு. 3600ஆல் பெருக்கினால் 3.6. முள் முட்டி நின்ற இடத்தை அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த எபிசோடில் பெரிய கருவியோடு ஒரு ஜெனரல் லாரியில் போய்விட்டு வந்ததும் எண் 15,000 ஆகிவிடுகிறது.

கிரெய்க் மேசின் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்தது இந்த இடம். என் மனக்குறையும் இங்கேதான் தொடங்குகிறது. இதற்குப் பிறகு தொடரில் எந்தக் கருவியும் யாரையும் குழப்புவதில்லை. மின்ஸ்கில் உலானா கோம்யுக் (கற்பனைப் பாத்திரம்) ஜன்னல் தூசியைத் துடைத்துச் சோதித்ததுமே அது அணு உலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார். கருவி நல்லதாக இருந்தால் உண்மை தானாக வந்து நிற்கும், மறைக்கத்தான் ஒரு கெட்டவன் வேண்டும் என்று கதை நம்ப ஆரம்பித்துவிடுகிறது.

நிஜத்தில் 1986 ஏப்ரல் 28 காலை, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் ஷூ அலாரத்தைக் கிளப்பியது. அவர்கள் முதலில் சந்தேகப்பட்டது தங்கள் நிலையத்தைத்தான். கருவி ‘என்னமோ இருக்கு’ என்றது. ‘இதுதான் இருக்கு’ என்று சொல்ல மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அந்த இடைவெளியை இயந்திரத்தாலேயே கடக்க ஒரு முயற்சி நடந்தது. 2001க்குப் பிறகு அமெரிக்கத் துறைமுகங்களில் வைத்த பிளாஸ்டிக் உணரி வாயில்கள், அணுகுண்டுப் பொருள் கடத்தலைப் பிடிப்பதற்கானவை. டைல்ஸ், வாழைப்பழம், பூனை மலத்துக்குப் போடும் களிமண் எல்லாவற்றுக்கும் கத்தின. எந்தத் தனிமம் என்று பிரித்துச் சொல்லும் புது வாயிலுக்கு 2006இல் சுமார் 120 கோடி டாலருக்கு ஒப்பந்தங்கள் போட்டார்கள். பழையது 55,000 டாலர், புதியது 3,77,000.

2007 செப்டம்பரில் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ அளித்த சாட்சியத்தைப் படியுங்கள். வறண்ட அலுவலக நடைதான். ஆனால் நான் படித்த எந்தத் த்ரில்லரும் அப்படி வயிற்றைப் பிசைந்ததில்லை. நெவாடாவில் முறையான சோதனைக்கு முன்பே, அதில் வைக்கப்போகும் பொருட்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அந்தத் தரவைக் கொண்டு கருவியைச் சரிசெய்துகொள்ளத் தயாரிப்பாளர்களை அனுமதித்திருக்கிறார்கள். ஐடி ஆட்களுக்கு: டெஸ்ட் டேட்டாவிலேயே ட்ரெயினிங். மற்றவர்களுக்கு: கொஸ்டின் பேப்பர் அவுட். எந்த அளவு மறைப்புக்குப் பின்னால் கருவி குருடாகும் என்பதைச் சோதிக்கவே இல்லை என்றும் சொல்கிறது. அதுதான் 3.6. துறை குற்றச்சாட்டை மறுத்தது. 2011இல் திட்டத்தைக் கைவிட்டது.

வயிற்றைப் பிசைந்ததற்குக் காரணம் உண்டு. முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் மோசடிப் பணப் பரிமாற்றத்தைப் பிடிக்கும் மென்பொருள் செய்தோம். டெமோவில் எந்தத் தரவு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். எச்சரிக்கை வரம்பை அதற்கேற்ப மாற்றியது நான்தான். யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. ‘கொஞ்சம் ட்யூன் பண்ணுப்பா’ என்றார்கள், அவ்வளவுதான்.

மேசினின் ஐந்தாவது எபிசோடில் நீதிமன்றம் வரும். லெகாசோவ் சிவப்பு, நீல அட்டைகளை அடுக்கி விளக்குவார், குற்றவாளிகள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது முறை பார்த்தபோது அட்டைகளை நான் கவனிக்கவில்லை. அந்த வரிசையில் என்னை எங்கே உட்கார வைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.